கோடு தானாக ஒட்டும்போது

ஆய்வேட்டில் எழுதப்படும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு காவல் உண்டு. மேற்கோளுக்கு அடிக்குறிப்பு வேண்டும். கருத்துக்குச் சான்று வேண்டும். நெறியாளர் ஓரத்தில் கேள்விக்குறி இடுவார். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதையே மீண்டும் கேட்பார். அதே ஏட்டில் இடம்பெறும் வரைபடத்துக்கு இத்தகைய காவல் பெரும்பாலும் கிடையாது. ‘படம் 4.7: ஆய்வாளர் வரைந்தது’ என்னும் ஒற்றை வரியோடு அது தேறிவிடுகிறது. அப்படத்திலுள்ள ஒரு குறிப்பிட்ட கோட்டை இழுத்தது ஆய்வாளரின் கையா, அவர் பயன்படுத்திய மென்பொருளா என்று எவரும் கேட்பதில்லை. கேட்டே ஆகவேண்டிய துறைகள் சில உள்ளன. கல்வெட்டியல் அவற்றுள் ஒன்று.

வரைகலை மென்பொருள்களில் ஸ்நாப்பிங் என்றொரு வசதி உண்டு. இழுத்துச் செல்லும் கோட்டின் முனை மற்றொரு புள்ளிக்கோ கோட்டுக்கோ கட்டத்துக்கோ அருகில் வந்தவுடன், அது தானாகத் தாவி அங்கே ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு அருகில் வந்தால் ஒட்டவேண்டும் என்பதை மென்பொருள் ஓர் அளவாக வைத்திருக்கும். அந்த எல்லைக்குள் நுழைந்த கோடு, ‘அருகில் இருக்கிறது’ என்னும் நிலையிலிருந்து ‘தொட்டுக்கொண்டிருக்கிறது’ என்னும் நிலைக்கு மாற்றப்படுகிறது. சுவரொட்டி வடிவமைப்பவருக்கு இது வரம். இரண்டு கோடுகளுக்கிடையே மயிரிழை இடைவெளி இருக்கிறதா என்று பல மணிநேரம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இதுவே இடர்.

இவ்வசதியின் வரலாறு கணினி வரைகலையின் வரலாற்றளவு பழையது. 1963-இல் ஐவன் சதர்லாண்ட் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வின் பயன் ஸ்கெட்ச்பேட் என்னும் நிரல். லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-2 கணினித் திரையில் ஒளிப்பேனாவைக் கொண்டு கோடு வரைய அது வழிசெய்தது. மனிதனின் கை நடுங்கும். ஒளிப்பேனாவின் பார்வைப்பரப்போ ஒரு புள்ளியைவிடப் பெரியது. ஆகவே, பேனா ஒரு கோட்டுக்கோ புள்ளிக்கோ அருகில் இருந்தால், அதைத் துல்லியமாக அவற்றின்மேல் இருப்பதாகவே நிரல் கணக்கிட்டது. பேனாவின் உண்மையான இடம் ஒன்று, நிரல் ஏற்றுக்கொண்ட இடம் வேறொன்று. இந்த இரண்டாம் இடத்தைச் சதர்லாண்ட் போலிப் பேனா நிலை என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தார். பெயரிலேயே நேர்மை இருந்தது. பின்னர் 1986-இல் எரிக் பையரும் மவுரீன் ஸ்டோனும் ஸ்நாப்-டிராகிங் என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரை, அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையும் பழைய முறையைத் திரைக்குக் கொண்டுவந்தது. சுட்டியை அருகிலுள்ள பொருள்கள் ஈர்ப்புவிசைபோல இழுக்கும் என்பது அதன் அடிப்படை. இன்று வரைகலை மென்பொருளைத் திறக்கும் மாணவர் தம்மையறியாமல் பயன்படுத்துவது இவ்விரு முயற்சிகளின் வழித்தோன்றலைத்தான். ‘போலி’ என்னும் எச்சரிக்கைச் சொல் மட்டும் இடையில் உதிர்ந்துவிட்டது.

இனி கல்லுக்கு வரலாம். மேற்குத் தக்காணத்தின் பௌத்தக் குடைவரைகளான கார்லே, ஜுன்னர், நாசிக், கன்ஹேரி ஆகியவற்றில் பிராமி எழுத்தில் பொறித்த கொடைக் கல்வெட்டுகள் பல உள்ளன. பெரும்பாலானவை மிகச் சிறியவை. ஒரு தூண், ஒரு நீர்த்தொட்டி, ஓர் அறை. அதைக் கொடுத்தவரின் பெயர், ஊர். ‘கொடை’ என்னும் சொல். அவ்வளவே. கார்லேயின் பெரிய சைத்தியத்திலுள்ள தூண்களில் தேனுகாகடம் என்னும் ஊரைச் சேர்ந்தவர்களின் பெயர்கள் இவ்வாறே நிற்கின்றன. அவர்களுள் தம்மை யவனர் என்று குறித்துக்கொண்டவர்களும் உண்டு. இக்கொடையாளர் பலரைப் பற்றி உலகில் வேறெந்தச் சான்றும் இல்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வாழ்ந்தார் என்பதற்குக் கல்லில் விழுந்த சில கீறல்களே ஆதாரம்.

அக்கீறல்களைத் தாளில் பெறும் முறை மைப்படி. கல்லைத் தூரிகையால் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் பரப்பி, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை தட்டுவார்கள். ஈரம் சற்றே வற்றியதும் மை தோய்த்த ஒற்றியால் மேற்பரப்பை மெல்லத் தொடுவார்கள். மேடு கருமையாகும், பள்ளத்தில் மை படாது. கருந்தாளில் வெள்ளை எழுத்தாகக் கல்வெட்டு எழுந்துவரும். பிரச்சினை என்னவென்றால், பள்ளங்கள் எல்லாமே எழுத்துகள் அல்ல. தக்காணத்தின் எரிமலைப்பாறையில் இயற்கையாகவே துளைகளும் பிளவுகளும் உண்டு. உளி போட்ட பள்ளமும் மழை போட்ட பள்ளமும் மைப்படியில் ஒரே வெண்மையாகத்தான் விழும். இது எழுத்தின் பகுதியா, பாறையின் விரிசலா என்று தீர்மானிப்பதே கல்வெட்டாய்வாளரின் முதன்மைப் பணி. அந்தத் தீர்மானத்தைப் பிறர் காணும்படி வெளியிடும் வடிவமே கோட்டுப்படி. முன்னர் ஒளியூடும் தாளில் மைப்பேனாவால் வரைந்தார்கள். இப்போது மைப்படியை ஒளிவருடி, கணினித் திரையில் அதன்மேல் வரைகிறார்கள்.

பிராமி எழுத்தில் ஒரு சிறு கோட்டின் பொறுப்பு எவ்வளவு என்பதற்கு ‘ந’ என்னும் எழுத்தே போதும். அடியில் ஒரு கிடைக்கோடு. அதன் நடுவிலிருந்து நிமிர்ந்து எழும் ஒரு செங்குத்துக்கோடு. இதுவே ‘ந’. செங்குத்துக்கோட்டின் உச்சியில் வலப்புறம் ஒரு சிறு கோடு சேர்ந்தால் ‘நா’. இடப்புறம் சேர்ந்தால் ‘நே’. இருபுறமும் சேர்ந்தால் ‘நோ’. எழுத்தின் அருகில் ஒரு புள்ளி இருந்தால் மெல்லொலி கூடும். ஒரு சிறு கீறல் உச்சியைத் தொடுகிறதா, தொடாமல் அருகில் நிற்கிறதா என்பதைப் பொறுத்து உயிர் மாறும். உயிர் மாறினால் பெயர் மாறும். பெயர் மாறினால் ஆள் மாறுவார்.

இது மிகைப்படுத்தல் அன்று. பிராமி எழுத்து படிக்கப்பட்ட வரலாறே இத்தகைய சிறு குறிகளின்மேல் நிற்கிறது. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப்புக்குச் சாஞ்சியிலிருந்து சிறு கல்வெட்டுகளின் படிகள் வந்துசேர்ந்தன. அவை பெரும்பாலும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதை அவர் கவனித்தார். தனித்தனித் தூண்களிலும் வேலிக்கற்களிலும் திரும்பத் திரும்ப வரும் முடிவுச்சொல் ‘கொடை’ என்னும் பொருளுடைய ‘தானம்’ ஆகத்தான் இருக்கமுடியும் என்று ஊகித்தார். முதல் எழுத்தோடு ஒட்டிய நெடிற்குறியும் இறுதியில் நின்ற புள்ளியும் அந்த ஊகத்துக்குத் துணைநின்றன. அங்கிருந்து த, ந ஆகிய எழுத்துகள் பிடிபட்டன. பிற எழுத்துகள் தொடர்ந்தன. படியெடுத்தவர் அந்தப் புள்ளியைப் பாறையின் குறை என்று விட்டிருந்தாலோ, நெடிற்குறியை எழுத்தின் உடம்போடு சேர்த்து நேராக்கியிருந்தாலோ, பிரின்செப்பின் கையில் கிடைத்த திறவுகோல் சற்று மழுங்கித்தான் இருந்திருக்கும்.

மகாராட்டிரத்தின் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வு மாணவர்கள் ஒரே மைப்படியைத் தனித்தனியே கோட்டுப்படியாக வரைந்தார்கள். முன்னவர் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருந்தவர். பின்னவர் அவ்வாண்டுதான் சேர்ந்தவர், அதற்குமுன் வடிவமைப்புத் தொழிலில் இருந்தவர். ஒருவர் வரைவதை மற்றவர் பார்க்காமல் வரைந்து, பின்னர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடுவது அத்துறையின் வழக்கம். இருவரும் பயன்படுத்தியது இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப். பெரும்பாலான எழுத்துகள் பொருந்தின. கொடையாளர் பெயரின் நடுவெழுத்து மட்டும் பொருந்தவில்லை. முன்னவர் படியில் அது ‘ந’. வலப்புறக் கீறல் உச்சியிலிருந்து விலகித் தனியே நின்றது. பின்னவர் படியில் அது தெளிவான, ஐயமற்ற, அழகான ‘நா’.

முதலில் இதை வாசிப்பு வேறுபாடு என்றே இருவரும் எண்ணினார்கள். பின்னவரிடம் கேட்டபோது, தாம் அதை ‘நா’ என்று வாசிக்கவே இல்லை என்றார். அப்போது அவருக்குப் பிராமி சரளமாக வாசிக்கவும் வராது. கண்ணில் பட்டதை வரைந்ததாகச் சொன்னார், சொன்னது உண்மைதான். கோப்பைத் திறந்து உருப்பெருக்கிப் பார்த்தார்கள். கீறலின் இடமுனை செங்குத்துக்கோட்டின் உச்சிக்கணுவின்மேல் அட்சரசுத்தமாக அமர்ந்திருந்தது. ஈராயிரம் ஆண்டுத் தேய்மானத்துக்குப்பின் எந்தப் பாறையிலும் இரண்டு வெட்டுகள் அப்படிச் சந்திப்பதில்லை. அந்தத் துல்லியமே ஐயத்தை எழுப்பியது. மைப்படியில் அவ்விடத்தில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கரும்பட்டை இருந்தது. வரைந்தவர் அந்த இடைவெளியை மூடவில்லை. மென்பொருள் மூடியிருந்தது.

இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி எப்படி மறைந்தது என்பதற்குக் கணக்கே விடைசொல்கிறது. ஒட்டும் எல்லை பொதுவாகத் திரையின் புள்ளிகளில் அளக்கப்படுகிறது. கல்லின் மில்லிமீட்டரில் அன்று. எடுத்துக்காட்டாக, உண்மையளவுள்ள மைப்படி அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் அடர்த்தியில் வருடப்பட்டதாகக் கொள்ளலாம். அதன் ஒரு புள்ளி கல்லில் ஏறத்தாழ 0.085 மில்லிமீட்டர். முழு வரியும் திரையில் தெரியவேண்டும் என்று படத்தைக் கால்பங்காகச் சுருக்கினால், திரையின் ஒரு புள்ளிக்குள் படத்தின் நான்கு புள்ளிகள் அடங்கும். அது கல்லில் 0.34 மில்லிமீட்டர். ஒட்டும் எல்லை 10 திரைப்புள்ளிகள் என்று வைத்தால், கல்லில் அது 3.4 மில்லிமீட்டராக விரிகிறது. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி அந்த வலைக்குள் எளிதாக விழும். அதே படத்தை நான்கு மடங்கு பெருக்கி வரைந்தால் எல்லை 0.2 மில்லிமீட்டராகச் சுருங்கும். அதே இடைவெளி தப்பிப் பிழைக்கும். ஆக, கல்லில் இருவேறு கீறல்கள் தொட்டன, தொடவில்லை என்பதை வரைபவர் அன்று எவ்வளவு உருப்பெருக்கத்தில் அமர்ந்திருந்தார் என்பதுகூடத் தீர்மானிக்கலாம்.

இவ்விடத்தில்தான் குறுக்குவிசைகள் முறையியலின் பகுதியாகின்றன. ஸ்நாப்பிங்கைக் கட்டுப்படுத்தும் விசைகள் இருவகை. முதல்வகை, ஒருமுறை தட்டினால் நிலையை மாற்றி அப்படியே விட்டுவிடுபவை. இங்க்ஸ்கேப்பில் விழுக்காட்டுக் குறியைத் தட்டினால் ஸ்நாப்பிங் முழுவதும் அணையும். மீண்டும் தட்டினால் எரியும். ஆட்டோகேடில் எஃப்9 கட்டத்துக்கும் எஃப்3 பொருள்களின் முனைகளுக்கும் இவ்வேலையைச் செய்யும். ஃபோட்டோஷாப்பில் ஷிப்ட், கண்ட்ரோல், அரைப்புள்ளி ஆகிய மூன்றும் சேரவேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோலும் யூவும் ஸ்மார்ட் கைடுகளை மாற்றும். கிளிப் ஸ்டூடியோ பெயிண்டில் கண்ட்ரோலுடன் 1, 2, 3 ஆகியவை முறையே அளவுகோல், சிறப்பு அளவுகோல், கட்டம் என்பவற்றை ஆளும். பிளெண்டரில் ஷிப்டும் டேபும். க்ரிட்டாவில் ஷிப்டும் எஸ்ஸும் சேர்ந்தால், எவற்றோடெல்லாம் ஒட்டவேண்டும் என்னும் பட்டியலே சுட்டியின் அருகில் விரியும்.

இரண்டாம் வகை, விரல் அழுத்தியிருக்கும்வரை மட்டும் செயல்படுபவை. இங்க்ஸ்கேப்பில் ஒரு பொருளையோ கணுவையோ இழுக்கும்போது ஷிப்டை அழுத்திப் பிடித்தால் அந்த இழுப்புக்கு மட்டும் ஸ்நாப்பிங் விலகிநிற்கும். விரலை எடுத்தால் பழைய நிலை திரும்பும். பிளெண்டரில் நகர்த்தும்போது கண்ட்ரோலைப் பிடித்தால் அப்போதைய நிலை தலைகீழாகும்: அணைந்திருந்தால் எரியும், எரிந்திருந்தால் அணையும்.

இவ்விரு வகைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை ஜெஃப் ராஸ்கின் 2000-இல் வெளிவந்த ‘தி ஹியூமேன் இன்டர்ஃபேஸ்’ என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்தார். கேப்ஸ் லாக் விசையும் ஷிப்ட் விசையும் பெரிய எழுத்தைத்தான் தருகின்றன. ஆனால் கேப்ஸ் லாக்கை அழுத்தியவர் அதை மறந்துவிடுகிறார்; ஷிப்டைப் பிடித்திருப்பவர் மறப்பதில்லை, ஏனெனில் அவர் விரலின் தசையே அதை நினைவில் வைத்திருக்கிறது. கணினி எந்த நிலையில் இருக்கிறது என்று அறியாமல் செய்யும் பிழைகளை, பிடித்திருக்கும் விசை பெரிதும் தடுக்கிறது. கோட்டுப்படி வரைபவருக்கு இதன் பொருள் தெளிவு. தட்டிவிடும் விசை ஒரு மணிநேரம் கழித்துத் துரோகம் செய்யக்கூடும். பிடித்திருக்கும் விசை ஒவ்வொரு கோட்டிலும், ‘இதை ஒட்டவிடுகிறேனா, விலக்குகிறேனா’ என்னும் தீர்மானத்தைக் கையிடம் கேட்டுப் பெறுகிறது.

இருந்தும், பின்னவர் ஏன் ஷிப்டைத் தொடவே இல்லை? காரணம் அவருடைய பழைய தொழிலில் இருந்தது. இல்லஸ்ட்ரேட்டரில் கோடு இழுக்கும்போது ஷிப்டைப் பிடித்தால் அது 45 பாகையின் மடங்குகளுக்கு இறுகிவிடும். கல்வெட்டு எழுத்தை நேராக்கிவிடக்கூடாது என்னும் கவனத்தால் அவர் ஷிப்டை முற்றிலும் தவிர்த்திருந்தார். ஒரு மென்பொருளில் இறுக்கும் விசை மற்றொன்றில் தளர்த்தும் விசை. இங்க்ஸ்கேப்பில் இறுக்குவது கண்ட்ரோல்: இழுக்கும்போது அது கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் நகரவிடும், சுழற்றும்போது இயல்பாக 15 பாகைப் படிகளில் நிறுத்தும். எழுத்தின் சாய்வு, வளைவு, தலைக்கோட்டின் தடிப்பு ஆகியவற்றைக் கொண்டு காலம் கணிக்கும் தொல்லெழுத்தியலில் 15 பாகைப் படிகளுக்கு என்ன வேலை? எச்சரிக்கையோடு இருந்தவரின் எச்சரிக்கையே அவரை வழிதவறச் செய்தது என்பதை அறிந்தபோது, குறுக்குவிசைப் பட்டியலை முறையியல் வகுப்பில் ஏன் எவரும் கற்பிப்பதில்லை என்று முன்னவர் கேட்டார். அக்கேள்விக்கு இன்றும் பாடத்திட்டத்தில் விடை இல்லை.

இந்திய மொழிகளில் பணிபுரிவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குறுக்குவிசைகள் ஆங்கில விசைப்பலகையை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அடையாளச் சொற்களை மராத்தியிலோ இந்தியிலோ தட்டச்சு செய்துவிட்டு, தேவநாகரி இன்ஸ்கிரிப்ட் அமைப்பை மாற்றாமல் வரைவதற்குத் திரும்புபவர் ஷிப்டுடன் 5-ஐ அழுத்தினால், அந்த அமைப்பில் அது விழுக்காட்டுக் குறி அன்று. ‘ஜ்ஞ’ என்னும் கூட்டெழுத்து. மென்பொருள் அதைப் புரிந்துகொள்ளலாம், கொள்ளாமலும் போகலாம். தமிழில் தட்டச்சு செய்வோருக்கும் ஒற்றையெழுத்துக் குறுக்குவிசைகளில் இதே அனுபவம் நேர்வதுண்டு. விசை செயல்படாவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. அணைத்துவிட்டதாக எண்ணியவர் எரியும் விளக்கின் கீழேயே வேலையைத் தொடர்வார். ஆகவே விரலை நம்புவதோடு நில்லாமல், திரையின் ஓரத்திலுள்ள ஸ்நாப்பிங் குறியைக் கண்ணாலும் பார்த்து உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. கோடு ஒட்டும் கணத்தில் எதனோடு எது ஒட்டியது என்று இங்க்ஸ்கேப் சிறு எழுத்தில் காட்டும் அறிவிப்பை அணைத்துவைக்காமல் இருப்பதும் நல்லது. பெரும்பாலான மென்பொருள்களில் குறுக்குவிசைகளை வேண்டியபடி மாற்றியமைக்கவும் முடியும்.

கணினியின்மேல் மட்டும் குற்றம் சுமத்துவது நியாயமாகாது. கணினிக்கு முன்பே மனித மனத்தில் ஸ்நாப்பிங் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்வெட்டுகளைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்த படிகள் ஏராளம். அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 1877-இல் வெளியிட்ட அசோகர் கல்வெட்டுத் தொகுதியின் தட்டுகள் கையால் வரைந்த படிகளைப் பெரிதும் சார்ந்தவை. அதே தொகுதியை ஹுல்ட்ஷ் 1925-இல் புதிதாகப் பதிப்பித்தபோது மைப்படிகளே தட்டுகளாயின. இடைப்பட்ட அரைநூற்றாண்டில் அத்துறை கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுண்டு: படியெடுப்பவர் எதிர்பார்க்கும் எழுத்தை நோக்கி அவருடைய கோடு இழுபடும். தேய்ந்த எழுத்து தெரிந்த எழுத்தாகும்; கோணலான வரி நேராகும். அந்த இழுப்பிலிருந்து விடுபடவே மைப்படியும் ஒளிப்படமும் தேவைப்பட்டன. இன்று அந்த மைப்படியின் மேலேயே, ஈர்ப்புவிசையை உள்ளே வைத்திருக்கும் கருவியால் வரையும்போது, வெளியே தள்ளிய பழைய இழுப்பு வேறு கதவு வழியாக வீட்டுக்குள் வருகிறது. பழைய இழுப்புக்கு எழுத்தறிவாவது தேவைப்பட்டது. புதிய இழுப்புக்கு அதுவும் தேவையில்லை.

ஸ்நாப்பிங் பகையும் அன்று. அதே ஆய்வேட்டில் குடைவரையின் தரைப்படம் வரைய அது வேண்டும். அளவுக்கோல், வடக்குக்குறி, வரி எண்கள், படத்தொகுதியின் சட்டங்கள் ஆகியவை ஒழுங்காக நிற்க அது வேண்டும். நிலப்பட மென்பொருளான கியூஜிஐஎஸ்-இல் அடுத்தடுத்த இரண்டு நிலப்பகுதிகளை வரையும்போது ஸ்நாப்பிங் இல்லாவிட்டால், பொது எல்லையில் நூலளவு இடைவெளிகளும் மேற்படிவுகளும் தோன்றிப் பரப்பளவுக் கணக்கையே கெடுக்கும். இரண்டு ஊர்களின் எல்லை ஒன்றே என்பது ஆய்வாளர் முன்பே அறிந்த உண்மை. அங்கே ஒட்டுவது அந்த அறிவைக் காக்கிறது. கல்வெட்டில் இரண்டு கீறல்கள் தொடுகின்றனவா என்பது ஆய்வாளர் கண்டறிய வேண்டிய செய்தி. அங்கே ஒட்டுவது கேள்வியையே அழிக்கிறது. முன்பே தெரிந்ததை வரையும் இடத்தில் ஸ்நாப்பிங் எரியட்டும், தெரியாததை வரையும் இடத்தில் அணையட்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் விதி.

அவ்விருவரும் அதன்பின் வகுத்துக்கொண்ட ஒழுங்கு எளியது. மைப்படியின் ஒளிவருடல் ஓர் அடுக்கு, அது பூட்டப்பட்டிருக்கும். எழுத்துகள் தனி அடுக்கு. அதில் பணிபுரியத் தொடங்குமுன் ஸ்நாப்பிங் அணைக்கப்பட்டு, குறி கண்ணால் சரிபார்க்கப்படும். அளவுக்கோலும் எண்களும் மற்றோர் அடுக்கு. அங்கே அது எரியும். எழுத்துக்கான உருப்பெருக்கம் ஒன்றை முன்கூட்டியே முடிவுசெய்து, வரி முழுவதும் அதிலேயே வரையப்படும். ஐயத்துக்குரிய கீறல் முழுக்கோடாக வராது. விட்டுவிட்டு வரும் கோடாக வரும். எழுத்துப்பெயர்ப்பில் உறுதியற்ற எழுத்தின் அடியில் புள்ளியிடும் வழக்கம் 1931-இல் லெய்டனில் வகுத்த நெறிமுறைகளிலேயே உண்டு. எழுத்தில் காட்டும் அந்த அடக்கத்தைக் கோட்டிலும் காட்டவேண்டும் என்பதே அவர்கள் கருத்து. வரைந்து முடித்தபின், கணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகின்றி அமர்ந்திருக்கும் இடங்களைத் தேடிப்பார்ப்பார்கள். இயற்கையில் அரிதான துல்லியம் படத்தில் தென்பட்டால், அங்கே கருவி பேசியிருக்கக்கூடும்.

நடுவெழுத்து என்னவாயிற்று? இருவரும் குடைவரைக்கே சென்றார்கள். காலையில், பக்கவாட்டிலிருந்து கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தார்கள். செங்குத்துக்கோட்டில் உளியின் சாய்வுமுகம் தெரிந்தது. வலப்புறக் கீறலின் விளிம்புகள் சிதைந்திருந்தன. அது உளியின் வேலை என்றும் சொல்ல இயலவில்லை, விரிசல் என்று தள்ளவும் இயலவில்லை. இடையிலுள்ள இரண்டு மில்லிமீட்டர்ப் பாறை அப்படியே மேடாக நின்றது. செதுக்கியவர் கோட்டைச் சற்றுத் தள்ளித் தொடங்கியிருக்கலாம். அத்தகைய எடுத்துக்காட்டுகள் உண்டு. அல்லது அங்கே நெடிற்குறியே இல்லாமல் இருக்கலாம். நெறியாளரிடம் இரண்டு வாசிப்புகளோடு திரும்பினார்கள். ஒரே வாசிப்போடு சென்றிருந்தால், அந்தப் பெயர் அட்டவணையில் ஏறி, வேறொரு குடைவரையிலுள்ள அதே பெயருடையவரோடு இணைக்கப்பட்டு, இல்லாத ஓர் உறவு ஆய்வுக்கட்டுரைகளில் மேற்கோளாகியிருக்கும். பின்வரும் மாணவர் எவரும் மைப்படிவரை திரும்பிச் சென்று பார்த்திருக்க வாய்ப்பில்லை. அச்சில் வந்த தெளிவான ‘நா’வை எவர் ஐயப்படுவார்?

தூணைக் கொடுத்தவர் தம் பெயர் நிலைக்கவேண்டும் என்று விரும்பியே கல்லில் பொறிக்கச் செய்திருப்பார். அப்பெயரை முழுமையாக மீட்டுத்தர முடியாதபோது, முடியவில்லை என்று பதிவதே அவருக்குச் செலுத்தக்கூடிய மரியாதை. ஆய்வேட்டில் அப்படம் இப்போது கீழ்க்காணும் குறிப்போடு இடம்பெற்றுள்ளது. ‘ஆய்வாளர் வரைந்தது’ என்பதைவிட இது நீளம். தேர்வாளர் ஒருவர் கேள்வி கேட்பதற்கு இதில் பிடிமானம் இருக்கிறது.

‘மைப்படியின் ஒளிவருடல்மேல் இருவர் தனித்தனியே வரைந்து ஒப்பிட்டது. எழுத்தடுக்கில் ஸ்நாப்பிங் பயன்படுத்தப்படவில்லை. விட்டுவிட்டு வரும் கோடு ஐயத்துக்குரிய கீறலைக் குறிக்கும். நான்காம் எழுத்து ந அல்லது நா.’